வடக்குக் குறி

1943 மே 4, செவ்வாய்

ஜப்பான் கணக்கில் 2603 என்று எழுதவேண்டுமாம். எனக்கு 1943தான்.

காலையில் நல்ல வெயில். செயின்ட் பால் குன்றின் இடிந்த கோயிலை அச்செடுத்தேன். டிரேசிங் துணியில் மையால் வரைந்ததை, மருந்து தடவிய தாளின்மேல் வைத்துக் கண்ணாடி போட்டு வெயில் காட்டி, கிணற்று நீரில் அலசினால் நீலத்தில் வெள்ளைக் கோடு. சர்வே ஆபீசில் நிலப்படத்துக்குச் செய்த அதே வேலை. வெள்ளைக்காரன் ஓடினான், ஆபீஸ் மூடியது, மருந்துப் புட்டிகள் என்னிடம் வந்தன. ஜப்பான் சிப்பாய்கள் ஊருக்கு அனுப்ப வாங்குகிறார்கள். அரிசி கிடைக்கிறது. போதும்.

மே 9

பாலத்தடியில் நூலும் பொத்தானும் விற்கும் ஜெய்னுலாப்தீன் பாய்தான் என் படங்களையும் கயிற்றில் மாட்டி விற்கிறார்.

"தம்பி, சிப்பாய் அழகு கேக்குறான். நீ கக்கூஸுக்குப் பிளான் போட்ட மாதிரி போட்டுத் தர்றே. ஒரு தென்னமரம் போட்டா என்னா?"

"அங்க தென்னமரம் இல்ல பாய்."

"இல்லாட்டி வச்சிக்க. நட்டவன் வந்து கேக்கப்போறானா?"

போடவில்லை. இல்லாததை எப்படிப் போடுவது?

மே 10

மழை. அச்சு இல்லை.

மே 16

அலசிய படங்களை அக்கா கொடியில் காயப்போட்டாள். போன மாதம் புக்கிட் காதிலுக்குக் கிழங்கு வாங்கப் போன அத்தானை லாரியில் ஏற்றிச் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதிலிருந்து அவள் பேச்சே குறைவு. இன்று கேட்டாள்.

"மூலையில எதுக்குடா அம்பு?"

"வடக்கு."

"வாங்குறவனுக்கு வடக்கு எதுக்கு?"

"அம்பும் அளவும் இல்லேன்னா அது படம் இல்ல, கிறுக்கல்."

அவள் அடுத்த படத்தை உதறிக் கொடியில் போட்டாள். நான் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம்.

மே 23, ஞாயிறு

குன்றிலிருந்து புதுப் படம். ஆறு, பாலம், படகுத்துறை. காவல் சிப்பாய்க்குக் குனிந்து வணங்கிவிட்டு, பாலத்தைக் காலடியால் அளந்தேன். நான் வரைந்ததிலேயே சரியானது இதுதான். "இப்பத்தான் ஊரு மாதிரி இருக்கு" என்றார் பாய்.

ஜூன் 2

பாயைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கெம்பித்தாய், ஜப்பான் ராணுவப் போலீஸ். அவர்கள் பிடித்தால் திரும்புவது அபூர்வம்.

பக்கத்துக் கடை நல்லையா வந்து சொன்னார். ஓர் அதிகாரி புதுப் படத்தைக் கயிற்றிலிருந்து உருவினானாம். பாலம், படகுத்துறை, அளவு, அம்பு — இது எதிரிக்குப் போகிற வரைபடம் என்றானாம். வரைந்தவன் யார் என்று கேட்டு அறைந்தானாம்.

என்னைத் தேடி யாரும் வரவில்லை.

ஜூன் 3

பாய் என் பேரைச் சொல்லவில்லை. ஏன் சொல்லல? நூல் விக்கிற மனுஷன்! என்ன வீராப்பு இது?

பயம் வரவேண்டும். வரவில்லை. பசியும் இல்லை. விரலில் இருந்த மையைத் தேய்த்துக் கழுவினேன், அவ்வளவுதான்.

மாலையில் பாயின் மனைவி ரோஷன் பீவி வாசலில் வந்து நின்றார். திட்டவில்லை. "அவுகளுக்கு இழுப்பு இருக்கு தம்பி. ஈரத் தரையில படுத்தா மூச்சு நின்னுரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 4

கெம்பித்தாயிடம் நானே போகிறேன். துணியில் வரைந்த மூலத்தை எடுத்துக்கொண்டேன்.

"நீயும் போயிட்டா நான் என்னடா செய்யறது?" — அக்கா.

"அளந்தது நான்தானே" என்றேன்.

ஜூன் 11

வீட்டில் இருக்கிறேன். ஒரு நாளுக்கு.

யாருக்காக வரைந்தாய் என்றான் அதிகாரி. விற்க என்றேன். அறை. அம்பு எதற்கு? அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். மறுபடி அறை. இப்படியே நாட்கள். ஒருநாள் தாளைத் தள்ளி, விசாரிக்கும் அறையை வரையச் சொன்னான். வரைந்தேன். ஜன்னல் வெயிலைப் பார்த்து மூலையில் அம்பும் போட்டேன். கை தானாகப் போட்டது. அவன் சிரித்துவிட்டான்.

அன்றே பாயை விட்டார்கள். என்னை விடவில்லை. சயாமில் ரயில் பாதைக்கு அளக்கவும் வரையவும் ஆள் வேண்டுமாம். நாளை மறுநாள் தம்பின் ஸ்டேஷன் வரை லாரி, அப்புறம் ரயில். சாமான் எடுக்க விட்டிருக்கிறார்கள். ஓடினால் அக்காவைப் பிடிப்பார்களாம்.

பாயைப் போய்ப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது.

"ஒரு தென்னமரம் போட்டிருக்கலாம்ல" என்றார்.

ஜூன் 12, சனி

மிச்சமிருந்த மருந்து ஒரு தாளுக்குத்தான் வந்தது.

துணியில் எங்கள் வீட்டை வரைந்தேன். காஜா பேராங் தெரு, கிணறு, கொடிக்கயிறு. அளக்கவில்லை. அம்பு போடவில்லை. வாசலில் ஒரு தென்னை வைத்தேன். எங்கள் வாசலில் தென்னை கிடையாது.

அக்காவிடம் காட்டினேன். மரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சயாம் எந்தப் பக்கம்டா?"

"வடக்கு" என்று துணியை வாங்கி மூலையில் அம்பு போட்டேன். பிறகு இருவருமாக வெயிலில் வைத்தோம்.