நீ ஜெயித்த சண்டை

மாப்ள,

இன்று காலை செல்லூர்ச் சந்துக்குள் ஒரு ஜட்கா வண்டி வந்தது. முன்னால் ஒருவன் தமுக்கு அடித்துக்கொண்டு நடந்தான். வண்டிக்குள் இருந்தவன் ரோஜா நிறத் தாள்களை அள்ளி அள்ளி வீசினான். ஒரு தாள் என் டீக்கடைக்குள் பறந்து வந்து வடைத்தட்டின் மேல் விழுந்தது. பொருட்காட்சித் திடலில் குத்துச்சண்டையாம். எண்ணெய் குடித்த அந்தத் தாளில் இரண்டு பேர் கையுறையோடு முறைத்துக்கொண்டு நின்றார்கள். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ‘ஜட்ஜுகளின் தீர்ப்பே முடிவானது’ என்று போட்டிருந்தது. வெள்ளைக்காரன் போய்விட்டான். நம் காலத்து நோட்டீஸிலும் இருந்த அந்த வரி போகவில்லை.

தறிக்காரர் ஒருவர், “அண்ணே, நீங்ககூட ஒரு காலத்துல பெரிய ஆளாமே” என்று ஆரம்பித்தார். டீ ஆற்றுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அப்போது எனக்கு உன்னோடுதான் பேசவேண்டும் போலிருந்தது.

நாம் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டதே அதே திடலில், கயிறு கட்டிய மேடையில்தான். சமயநல்லூரில் மாடு பூட்டிக் கிணற்றில் கமலை இறைத்துக்கொண்டிருந்த என்னைத் தோள் அகலத்தைப் பார்த்துப் பஞ்சு மில்லில் சேர்த்துக்கொண்டவர் அந்த மில்லின் ஸ்பின்னிங் மாஸ்டர். அவரே குத்துச்சண்டையும் பழக்கினார். மில்லின் பெயர் நோட்டீஸில் வரவேண்டும், அதற்கு ஓர் ஆள் வேண்டும். நீ தெற்குவாசல் பக்கம் உன் அத்தாவின் கடையில் தகரப்பெட்டி செய்துகொண்டிருந்தாய். உனக்குப் பின்னால் மில்லும் இல்லை, சங்கமும் இல்லை. ஜட்ஜுகள் மூன்று பேர். ஒருவர் பொருட்காட்சிக் கமிட்டியின் காரியதரிசியான வக்கீல், இன்னொருவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், மூன்றாமவர் எங்கள் ஸ்பின்னிங் மாஸ்டரேதான். என்னைப் பழக்கியவரே எனக்குத் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருக்கிறாரே என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

சண்டை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. நீ இருக்கிறாய் என்று நான் கையை வீசிய இடத்தில் நீ இல்லை. நீ இல்லை என்று நான் விட்ட இடத்திலிருந்து அடி வந்து விழுந்தது. அதுவும் முரட்டு அடி இல்லை. தகரத்தின் ஓரத்தை மடக்குகிறவன் எங்கே தட்டவேண்டுமோ அங்கே மட்டும் தட்டுவதைப்போல அளவாக அடித்தாய். மூச்சு வாங்கி நான் உன்மேல் சாய்ந்தபோது என் காதோரமாகச் சொன்னாய்: “வாயை மூடிக்க மாப்ள. தாடை கழண்டுரும்.” அடிக்கிறவனே இப்படிச் சொல்வானா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பதற்குள் இன்னொன்று விழுந்தது. கடைசி ரவுண்டில் ஒரு முட்டி தரையில் பட விழுந்து எழுந்தேன். உன் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

மணி அடித்தது. நடுவர் மூன்று ஜட்ஜுகளிடமும் போய்வந்தார். நேராக என்னிடம் வந்து என் கையைத் தூக்கினார்.

நான் அவர் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு உன்னிடம் வந்தேன். உன் கையைப் பிடித்து உயரத் தூக்கினேன். திடலே அலறியது. சோடா பாட்டில்கள் பறந்தன. போலீஸ்காரர்கள் தடியைச் சுழற்றிக்கொண்டு ஓடிவந்தார்கள். இத்தனைக்குப் பிறகு தீர்ப்பை மாற்றாமல் இருக்க முடியாது என்று நினைத்தேன். மாற்றவில்லை. மறுநாள் மில்லில் பார்த்தவர்கள் எல்லாம் “என்னா பெரிய மனசுப்பா உனக்கு” என்றார்கள். நான் உண்மையைச் சொன்னேன். அதைப் பெருந்தன்மை என்று பாராட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அன்று சாயங்காலம் ஷிஃப்ட் விட்டு வெளியே வந்தபோது நீ மில் வாசலில் நின்றாய். அடிக்க வந்திருக்கிறாய் என்றுதான் நினைத்தேன்.

“ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நீ ஜெயிச்சியா தோத்தியா?”

“தோத்தேன்.”

“அதை அந்த ஜட்ஜுக வீட்டுல வந்து சொல்லுவியா?”

“வாரேன்.”

அன்றைக்குத்தான் நாம் சிநேகிதர்கள் ஆனோம்.

வக்கீல் வீட்டில் நம்மை மரியாதையாகத்தான் உட்காரவைத்தார்கள். மோர்கூட வந்தது. அவர் நீ சொல்வதை முழுக்கக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, “நீ என்னப்பா, ஜெயிச்சுட்டுக் குறை சொல்ல வந்திருக்க?” என்றார்.

“நான் ஜெயிக்கலீங்கய்யா. ஒரு அடிகூட உருப்படியா இவன் மேல விழலை.”

“அதைத் தீர்மானிக்கத்தான் மூணு பேரு உக்காந்திருந்தோம்.”

“அம்புட்டு அடியையும் வாங்குனவன் நானுங்கய்யா. எனக்குத் தெரியாதா?”

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. “அடி வாங்குறவனுக்கு என்னப்பா கணக்குத் தெரியும்? வெளியிலருந்து பாக்குறவனுக்குத்தான் தெரியும்.”

தெருவுக்கு வந்தபிறகு நீ அந்தப் பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாய். உனக்குக் கோபம்கூட வரவில்லை. நிஜமாகவே அதற்கு ஒரு பதில் தேடிக்கொண்டிருந்தாய்.

ஸ்பின்னிங் மாஸ்டரிடம் நான் மட்டும்தான் போனேன். அவர் நூல் கண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வேலை வேணுமா, வேணாமா?” என்றார். அடுத்த வாரமே என்னைப் பஞ்சு உடைக்கிற பகுதிக்கு மாற்றினார்கள். தூசியில் நெஞ்சு அடைத்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை. நீயே என் இருமலைக் கேட்டுத் தெரிந்துகொண்டாய்.

மிச்சமிருந்த ஜட்ஜான ரயில்வேப் பெரியவர் எங்கள் சமயநல்லூரிலேயே குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் போனோம். வாசலில் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாம் எதிரே போய் நின்றும், “யாரது?” என்று கேட்டார். இன்னும் நெருங்கிப் போனோம். அப்போதும் கேட்டார். அவருடைய இரண்டு கண்ணிலும் பால் ஊற்றியதுபோல் புரை படர்ந்திருந்ததை நீதான் முதலில் கவனித்தாய்.

“ஐயா, உங்களுக்குக் கண்ணு…”

“மசமசன்னுதான் தெரியும் தம்பி. ரெண்டு வெளிச்சம் நவுர்ற மாதிரி.”

“பெறகு எப்படிங்கய்யா தீர்ப்புச் சொன்னீக?”

பெரியவர் துண்டை இழுத்துக் கண்ணைத் துடைத்தார். “வக்கீலு என்ன போட்டாருன்னு கேட்டேன். அதையே போட்டேன்.” பிறகு உன் குரல் வந்த பக்கம் திரும்பிச் சொன்னார்: “ஆனா நீதான் ஜெயிச்ச. சத்தம் கேட்டுச்சுல்ல. அடி வாங்கி முனகுற சத்தம் அம்புட்டும் ஒரே ஆளுகிட்டருந்துதான் வந்துச்சு.”

நீ அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாய். “இதைக் கமிட்டில வந்து சொல்லுங்க. வண்டி வெச்சுக் கூட்டிட்டுப் போறேன்.”

“சொன்னா, கண்ணு தெரியாதவன்னு அடுத்த வருஷம் கூப்பிட மாட்டாகளே தம்பி. வருஷத்துல ஒரு நாள் மாலை போட்டு மேடைக்குப் பக்கத்துல உக்கார வைக்கிறாக. மத்த நாளெல்லாம் இந்த வேப்பமரந்தான்.”

உன் இடத்தில் நான் இருந்திருந்தால் அவரைத் திட்டியிருப்பேன். நீ எழுந்து, கீழே சரிந்து கிடந்த அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுவிட்டு, “வாரோம்யா” என்றாய். 

அதற்குள் நாம் வீடு வீடாக அலைவது கமிட்டிக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஜெயித்தவனே தோற்றவனுக்காகப் பேசுகிறான் என்றால் இரண்டு பேரும் முன்கூட்டியே பேசிவைத்து ஆடியிருக்கிறார்கள் என்பதுதான் அந்த முடிவு. நம் இருவரையும் கொஞ்ச காலம் மேடை ஏறக் கூடாதென்று விலக்கி வைத்தார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் உனக்கு ஒரு தோல்வியோடு போயிருக்கும். நான் சொன்ன சாட்சி உன்னைத் திருடன் ஆக்கியது. 

விலக்கு நீங்கி நீ மறுபடி மேடை ஏறியபோது நான் உனக்கு மூலையில் தண்ணீர் கொடுக்கிற ஆளாக இருந்தேன். நான் ஆடுவதை விட்டுவிட்டேன். அன்றைக்கு நீ கையைக் கீழே தொங்கவிட்டபடி நேராக எதிராளியை நோக்கி நடந்தாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஓர் அடி கொடுக்க இரண்டு அடி வாங்கினாய். கடைசியில் அவனை அசைவில்லாமல் படுக்க வைத்தாய். உன் புருவம் கிழிந்து கண் மூடிக் கிடந்தது.

“ஏன் மாப்ள இப்படி ஆடுற? முன்ன மாதிரி ஆடு.”

“முன்ன மாதிரி ஆடுனதுக்கு என்ன குடுத்தாக?”

நான் உன் புருவத்தில் ஈரத்துணியை வைத்து அழுத்தினேன்.

“படுத்தவனைப் பாத்து யாரும் ஜெயிச்சான்னு சொல்ல முடியாதுல்ல. இனிமே ஜட்ஜுக்கு வேலையே வைக்கக் கூடாது” என்றாய்.

அப்படியே சில வருடங்கள் ஓடின. எந்தத் திருவிழாவில் மேடை போட்டாலும் போனாய். ஜெயித்தாய். ஒவ்வொரு வெற்றிக்கும் உன் தலையில் எத்தனை விழுந்தது என்று மூலையில் நின்ற எனக்குத் தெரியும். உன்னுடைய அந்த அழகான ஆட்டம், யாராலும் தொடமுடியாத ஆட்டம், அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அதை முழுசாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். நானும் பார்த்தேன் என்று சொல்ல முடியாது, வாங்கினேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம், மேலூர்ச் சந்தைத் திடலில் ஒரு பட்டாளத்துக்காரனோடு உனக்குச் சண்டை ஏற்பாடானது. பட்டாளத்து அதிகாரி ஒருவரே நடுவராக நின்றார். இருட்டுவதற்குமுன் நீ அவனை வீழ்த்திவிட்டாய். அவன் மல்லாந்து கிடந்தான். பத்து எண்ணுவதற்குள் எழாவிட்டால் தோல்வி; நடுவர் எண்ணினார். ஜனங்கள் அவருக்கு முன்னால் எண்ணி முடித்தார்கள். அவரோ ஒவ்வோர் எண்ணுக்கும் நடுவே அவன் முகத்தைக் குனிந்து பார்த்துவிட்டு நிதானமாக அடுத்ததைச் சொன்னார். அவன் புரண்டான், முட்டி போட்டான், எழுந்து நின்றான். நடுவர் பத்தைச் சொல்லவே இல்லை.

நீ என் பக்கம் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் என்னவென்று எழுதுவது? கீழே விழுந்தவன் விழுந்தான் என்பதற்குக்கூட ஒருவர் மனசு வைக்கவேண்டும் என்று அன்றைக்குத்தான் நமக்குத் தெரிந்தது. அதன்பின் நீ கையைத் தூக்கவில்லை. அவன் அடித்தான், நீ நின்றாய். சண்டையை நிறுத்தச் சொல்லி நான் மேடைக்குள் துண்டை வீசினேன். அதையும் நடுவர் உடனே பார்க்கவில்லை.

அந்த வருடமே உன் கை நடுங்கத் தொடங்கியது. ஆணிமேல் விழவேண்டிய சுத்தியல் விரலில் விழுந்தது. பேச்சு குழறியது. வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத உன்னைக் குடிகாரன் என்று தெருவில் பேசினார்கள். உன் மனைவி மைமூன் என்னிடம் அழுதாள். “அண்ணே, கடைக்குப் போறேன்னு போறாக, கடையத் தாண்டிப் போயிட்டே இருக்காக. ஆரு கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்குறாக.” பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் உன் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அடிபடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

கடைசியாக நீ, மில்லை விட்டு நான் போட்ட இந்த டீக்கடைக்கு வந்தது ஒரு நோன்புப் பெருநாளுக்கு மறுநாள். மைமூன் புதுச் சட்டை போட்டுவிட்டிருந்தாள். பொத்தான் மாறிப் போட்டிருந்தது, நான் சரிசெய்தேன். டீயைக் கையில் கொடுக்காமல் நானே ஆற்றி உன் வாயில் வைத்தேன். வெகுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

“மாப்ள… நாம ரெண்டு பேரும் ஒருக்கா ஆடுனோம்ல?”

“ஆடுனோம்.”

“ஆரு ஜெயிச்சா?”

 “நீதான்டா. நீதான் ஜெயிச்ச. என்னய அந்த அடி அடிச்சியே.”

நீ யோசித்தாய். மெல்லத் தலையை ஆட்டினாய். “இல்லையே. உன் கையத்தானே தூக்குனாக.” பிறகு நடுங்குகிற கையால் என் தோளைத் தட்டினாய். “நல்லா ஆடுன மாப்ள. நான் கொஞ்சம் சுணங்கிட்டேன்.”

எவ்வளவோ சொன்னேன். பெரியவர் சொன்னதைச் சொன்னேன், வேப்பமரத்தைச் சொன்னேன், ரயிலைச் சொன்னேன். ஒன்றும் உன்னிடம் இல்லை. நீ அடித்தது, நான் விழுந்தது, நாம் அலைந்தது எல்லாம் உன் தலைக்குள்ளிருந்து போய்விட்டன. அவர்கள் போட்ட தீர்ப்பு மட்டும் அங்கே பத்திரமாக இருந்தது. நீயும் ஒரு ஜட்ஜாகி வெற்றியை எனக்கே கொடுத்துவிட்டுப் போனாய்.

ஐப்பசி அடைமழையில் உன்னை அடக்கம் செய்ய மையவாடிக்குத் தூக்கிப் போனோம். எனக்கும் ஒரு பிடி மண் போட இடம் விட்டார்கள். வெளியே வரும்போது உன் சொந்தக்காரர் ஒருவர், திருச்சியிலிருந்து வந்தவர், நான் யாரென்று விசாரித்தார். பக்கத்தில் நின்றவர் உண்மையான மரியாதையோடு சொன்னார்: “தெரியாதா? நம்ம ஆளையே ஜெயிச்சவரு இவருதான்.”

மழை பெய்துகொண்டிருந்தது. எல்லாரும் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்தார்கள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த மனிதர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். இந்த ஊர் என்னை இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறது, மாப்ள. நான் செத்தாலும் அப்படித்தான் சொல்வார்கள்.