அளவெட்டிக்குப் போன நத்தார்த் தட்டம்

மச்சாள்,

இன்று காலை கேக் ரின்னின் மூடியைத் திறந்தேன். ரோஸ் எசன்சும் பிராந்தியில் ஊறிய முந்திரிகை வத்தலும் கலந்த மணம் குசினி முழுவதும் பரவியது. கத்தியோடு அப்படியே நின்றுவிட்டேன். இந்த மணத்துக்கு அடுத்ததாக உங்கள் குரல் வரவேண்டும். "ஒருத்தரும் கை வையாதையுங்கோ, பூசை முடிஞ்சு வந்துதான் கேக்!" என்று விறாந்தையிலிருந்தே சத்தம் போடுவீர்கள். கனடாவிலிருந்து வந்திருக்கும் உங்கள் சித்தப்பாவின் மகன் றெஜி குசினி வாசலில் வந்து நின்றான். அவனும் அந்தச் சத்தத்துக்குத்தான் காத்திருந்தான்போல. சற்று நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

சித்திரையில் நீங்கள் கண்ணை மூடினீர்கள். இது நீங்கள் இல்லாத முதல் நத்தார். வழமைபோல எல்லோரும் வந்து வீடு நிறைந்துதான் இருக்கிறது. இயேசு பாலன் குடிலை என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி, கட்டினார். நீங்கள் கட்டுவதுபோலக் கூரை நேராக நிற்கவில்லை. இரண்டு தடவை ஆட்டுக்குட்டிகளின்மேல் விழுந்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு நிறக் கடைச் சட்டையில் நின்றார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. ஒரே துணியில் அத்தனை பேருக்கும் தைத்துப் போடுவீர்களே. "பாண்ட் வாத்தியக்காரர் மாதிரி இருக்கு மாமி" என்று அவர்கள் சிணுங்கினால், "படத்திலை ஒரு குடும்பமெண்டு தெரியவேணும், போடுங்கோ" என்று விடமாட்டீர்கள்.

மத்தியானச் சாப்பாட்டில் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அது எனக்கு என்னவாக இருந்தது என்று சொல்வதென்றால், நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் நத்தாரிலிருந்து தொடங்கவேண்டும்.

அப்போது நான் கொழும்புத்துறைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அளவெட்டியில், நான் பிறந்த வீட்டில், ஐயா தனியே இருந்தார். அம்மா என் சின்ன வயதிலேயே போய்விட்டதால், பள்ளிக்கூடம் போகமுன் என் தலையை வாரி இரட்டைப் பின்னல் பின்னிவிட்டவர் ஐயாதான். விடிய வெங்காயத் தறைப் பாத்திகளுக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து சீப்பை எடுப்பார். அப்படிப்பட்ட மனிசன், சைவப் பிள்ளையான நான் ஒரு கிறிஸ்தவ வேதக்காரப் பொடியனைக் கட்டப்போகிறேன் என்றபோது சத்தம்கூடப் போடவில்லை. "அப்ப போ. இனி இந்த வாசலுக்கு வராதை" என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு நான் எத்தனை தரம் போன் எடுத்தும் அவர் பேசவில்லை.

இந்த வீட்டில் நான் மிகவும் பயந்தது உங்களுக்குத்தான். உங்கள் குரல் அப்படி. சின்னப் பொய் சொன்ன பிள்ளையையும் முழங்காலில் இருத்திவிடுவீர்கள். நத்தாருக்கு முதல்நாள் குசினியில் ஆட்டிறைச்சி கொதித்துக்கொண்டிருந்தது. மச்சம், மாமிசம் எதுவும் வாயில் வைக்காத நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றேன். நீங்கள் ஒரு புதுச் சட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தீர்கள்.

"வதனி, உது உம்மடை சட்டி. உதுக்கை மச்சம் போடுற ஆளை நான் வீட்டை விட்டுக் கலைப்பன். பூசைக்கு வரச்சொல்லியும் ஒருத்தரும் உம்மைக் கேக்கமாட்டினம். விருப்பமெண்டால் வாரும், இல்லாட்டி வீட்டிலை இரும். விளங்கினதோ?"

"ஓம் மச்சாள்."

"பிறகேன் முகம் உப்பிடிக் கிடக்கு?"

"ஐயா தனிய."

நீங்கள் அகப்பையை எடுத்து இறைச்சியைக் கிளறினீர்கள்.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் அயல்வீடுகளுக்குப் பலகாரத் தட்டங்கள் போயின. எல்லாம் போய் முடிய, நீங்கள் இன்னொரு தட்டம் அடுக்கினீர்கள். அதில் கேக் இல்லை. பயத்தம் பணியாரமும் முறுக்கும் மட்டும், அதுவும் என் கையால் சுட்டது. லேஸ் துணியால் மூடிக் கட்டிக்கொண்டு, நல்ல சேலையோடு வெளிக்கிட்டீர்கள்.

"எங்கை மச்சாள்?"

"அளவெட்டிக்கு. சம்பந்தி வீட்டுக்குத் தட்டம் போகாமல் என்ன நத்தார்?"

அன்று முழுக்க நான் படலையடியில் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உங்கள் தம்பி இரண்டு தரம் வந்து சாப்பிடக் கூப்பிட்டார். கடற்காற்று குளிர்ந்து வீசத் தொடங்கிய நேரம் நீங்கள் பஸ்ஸால் இறங்கி வந்தீர்கள். தட்டத்தில் ஒரு சீப்புக் கதலிப்பழம் இருந்தது.

"ஐயா தந்துவிட்டவர்" என்றீர்கள்.

"என்ன சொன்னவர்?"

"பெரிசா ஒண்டும் கதைக்கேல்லை. உதைத் தட்டத்திலை வைச்சுத் தந்தவர்."

நான் அந்தச் சீப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதேன். "எங்கடை கிணத்தடிக் கதலி. மணத்திலையே தெரியுது" என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன். நீங்கள் "ஓமோம், நல்ல பழம்" என்று சொல்லிவிட்டுத் தையல் மெஷினில் போய் இருந்துகொண்டீர்கள்.

அடுத்த வருஷமும் போனீர்கள். எனக்கு மகள் பிறந்திருந்தாள். அந்த முறையும் கதலிப்பழம் வந்தது. மூன்றாம் வருஷம் நல்ல மழை. தலையிலிருந்து கால்வரை நனைந்து, ஒரு பூசணிக்காயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தீர்கள். சிரிப்பு அடங்கவில்லை உங்களுக்கு. "பொங்கலுக்கு எல்லாரையும் வரட்டாம். ஐயா சொல்லிவிட்டவர்" என்றீர்கள். அந்தத் தைப்பொங்கலுக்கு ஒரு வான் வண்டி பிடித்து எல்லோரும் அளவெட்டிக்குப் போனோம். படலையில் ஐயாவைக் கண்டதும் நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். பால் பொங்கியபோது வெடி கொளுத்தியது நீங்கள்தான். ஐயாவின் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதன்பிறகு ஒவ்வொரு நத்தாருக்கும் ஐயா இங்கே வந்தார். ஒவ்வொரு பொங்கலுக்கும் நீங்கள் அங்கே போனீர்கள். பேசாமலிருந்த அந்தக் காலத்தைப் பற்றி ஐயாவும் நானும் ஒருநாளும் கதைத்ததில்லை.

இன்றும் ஐயா வேட்டி சால்வையோடு விடியவே வந்துவிட்டார். சாப்பிட இருந்தபோது றெஜி தன் பிள்ளைகளுக்கு, மாமி தட்டத்தோடு பஸ் ஏறி அளவெட்டித் தாத்தாவைப் பிடித்துவந்த கதையைச் சொன்னான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

"ஐயா, முதல் வருஷம் நீங்கள் தந்துவிட்ட கதலி மாதிரி ஒரு பழம் பிறகு நான் சாப்பிடவே இல்லை."

ஐயாவின் கை இலையில் நின்றது. "என்ன கதலி பிள்ளை?"

"மச்சாளிட்டைத் தந்துவிட்டியளே. முதல் வருஷமும் அடுத்த வருஷமும்."

"நான் ஒண்டும் தந்துவிடேல்லையே."

எல்லோரும் ஐயாவைத் திரும்பிப் பார்த்தார்கள். வயது போய்விட்டது, மறந்துபோச்சு என்று அவர் சொல்லியிருக்கலாம். நாங்களும் நம்பியிருப்போம். ஐயா அப்படிச் சொல்லவில்லை. உங்கள் தம்பியையும் சித்தப்பா சின்னம்மாவையும் பிள்ளைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"முதல் வருஷம் நான் படலையைத் திறக்கேல்லை பிள்ளை. உள்ளுக்கை இருந்தனான். அவ றோட்டிலை நிண்டு, 'ஐயா, வதனி சுகமா இருக்கிறா, தனிச் சட்டியிலைதான் சமைச்சுச் சாப்பிடுறா' எண்டு பெலத்துச் சொல்லிப்போட்டுப் போட்டா. அடுத்த வருஷமும் வந்து, 'பேத்தி பிறந்திருக்கிறா ஐயா, உங்கடை மூக்கு' எண்டவ. அப்பவும் நான் எழும்பேல்லை."

றெஜிதான் மெல்லக் கேட்டான். "பிறகு எப்பிடி ஐயா திறந்தனீங்கள்?"

"மழை. சன்னலாலை பாத்தன். குடையைத் தட்டத்துக்குப் பிடிச்சுக்கொண்டு அவ நனைஞ்சுகொண்டு நிண்டா. அதுக்குப் பிறகும் உள்ளுக்கை இருக்க என்னாலை ஏலாமல் போச்சு. அவ ஒரு குறையும் சொல்லேல்லை. 'வெறுந்தட்டத்தோடை என்னை அனுப்பாதையுங்கோ ஐயா' எண்டு மட்டும் கேட்டா. தோட்டத்திலை அண்டைக்குப் பூசணிதான் நிண்டது."

நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டேன், மச்சாள். எனக்கு உங்கள் மேலும் கோபம், ஐயா மேலும் கோபம். இரண்டு வருஷம் நான் கட்டிப்பிடித்து வைத்திருந்தது பஸ் போகிற வழியில் சுன்னாகம் சந்தையில் வாங்கிய பழத்தையா? நத்தார் நாளில் சந்தைக்குள் ஏறி, கிணற்றடிப் பழம் மாதிரி ஒரு சீப்பைத் தேடி எடுத்திருப்பீர்கள். நான் சுட்ட பணியாரத்தை யாருக்குக் கொடுத்தீர்கள்? பஸ்ஸில் இருந்தவர்களுக்கா? சின்னப் பொய்க்கே பிள்ளைகளை முழங்காலில் இருத்துகிற நீங்கள், இதைக் கோயில் பாதரிடம் போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்டீர்களா, இல்லை, கேட்கவேண்டிய பாவமே இல்லை என்று விட்டுவிட்டீர்களா? எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஐயா பின்னால் வந்து நின்றார்.

"கோவமோ பிள்ளை?"

"தெரியேல்லை ஐயா."

அவர் வாளியில் தண்ணீர் அள்ளி என் சோற்றுக் கையில் ஊற்றினார். பிறகு, "என்னைச் சவக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போ" என்றார்.

சாப்பாட்டு நேரம் தூறிய மழை விட்டிருந்தது. ஐயாவும் நானும் மட்டும் நடந்து போனோம். உங்கள் கல்லறையில் காலையில் பிள்ளைகள் வைத்த பூக்கள் நனைந்து கிடந்தன. ஐயா தோளிலிருந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார். கோயிலில் மூலஸ்தானத்துக்கு முன்னால் நிற்கும்போது கட்டுவாரே, அப்படி. வேறொரு மனிதருக்கு முன்னால் அவர் அப்படி நின்று நான் கண்டதில்லை. உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அது உங்கள் இருவருக்கும் உரியது.

அங்கே நிற்கும்போது என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த இரண்டு வருஷமும் நான் வெறுங்கையோடு இருந்திருந்தால், ஐயாவை வெறுக்கப் பழகியிருப்பேன். மகள் பிறந்த வலியில் அவரைக் கூப்பிட்டு அழுதிருக்கமாட்டேன். அளவெட்டிப் படலையில் அவரைக் கண்டபோது ஓடிப்போய்க் கட்டிப்பிடித்திருக்கமாட்டேன். என்னை மறக்காத ஒரு ஐயாவை நீங்கள் எனக்கு உண்டாக்கித் தந்தீர்கள். உண்மையான ஐயா வந்து சேரும்வரை நான் அவரோடு இருந்தேன். அதனால்தான் இவர் வந்தபோது என்னிடம் இவருக்கு இடம் இருந்தது. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இதுதான், மச்சாள். பெரிய சொத்து.

இப்போது ஐயா விறாந்தையில் உங்கள் சித்தப்பாவோடு மழையையும் வெங்காய விலையையும் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கிறார். இத்தனை வருஷமும், சாமிக்கு விளக்கு வைக்கவேண்டும் என்று பின்னேர பஸ்ஸுக்கே ஓடிவிடுவார். இன்று பஸ் போய்விட்டது. அவர் எழும்பவில்லை. "இண்டைக்கு இஞ்சை நிக்கிறன் பிள்ளை, பக்கத்து வீட்டுப் பொடியன் விளக்கு வைப்பான்" என்றார். அவருக்குப் பாய் விரிக்கவேண்டும்.

போட்டு வாறன், மச்சாள்.

வதனி