மேரி கொடுத்த கூடாரம்

ஜூலை 26, சனி

காலையிலிருந்து தூறல், இங்கே ஜூலை குளிர்காலம். கொடியில் போட்ட துணி மூன்றாவது நாளாகக் காயவில்லை. டிக்கெட் வந்துவிட்டது, இரண்டு பேருக்கு. பாலைவனத்தில் மூன்று நாள் இசை விழா, கூடாரத்தில் தங்கல். எனக்கு நாற்பத்து மூன்று வயது. ஒரு நாள்கூடக் கூடாரத்தில் தூங்கியதில்லை.

ஏன் இந்த ஆசை என்று சிவா கேட்டார். சரியாகச் சொல்ல வரவில்லை. இந்த நாட்டுக்கு வந்து பதினான்கு வருடம். பார்த்தது என்ன? வேலைக்குப் போகும் வெரிபீ ரயில், ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக்கூடம், திரும்ப வெரிபீ ரயில். எங்கள் தெருவில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில் ஒரு தடவை நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

"ஓம், போவம்" என்றார். என் கணவர் எதற்கும் இரண்டாவது கேள்வி கேட்கிறவர் இல்லை.

ஜூலை 29, செவ்வாய்

வேலையில் கனவு. மைக்ராஸ்கோப்பில் சாயம் ஏற்றிய ரத்தம், வெளிர் சிவப்பு, மேடும் பள்ளமுமாக. விமானத்திலிருந்து மணல்வெளியைப் பார்ப்பது போல. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ, மேரி தோளைத் தட்டினாள்.

மேரி பக்கத்து மேசை. ஈப்போக்காரி, பேச்சு முடிவில் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும். இந்த விழாவுக்கு நான்கு முறை போனவள், என் தலையில் இதை ஏற்றியதும் அவள்தான். இந்த வருடம் முழங்கால் ஆபரேஷன், வர முடியாது. கூடாரத்தை எனக்குத் தருகிறாள்.

மேரி சொன்னவை:
– தண்ணீர், நினைப்பதைவிட இரண்டு மடங்கு
– கம்பளி சாக்ஸ். பகல் வெயில், ராத்திரி எலும்புக் குளிர்
– நீள முளைகள். குட்டை முளையைக் காற்று பிடுங்கிவிடும்
– மூக்குக்குத் துணி
– ஊறுகாய் ("மூணு நாளு சாசேஜ் மட்டும் சாப்பிட்டா அழுதுருவ லா")

ஆகஸ்ட் 2, சனி

கிரான்பர்ன் போய் மேரியிடமிருந்து கூடாரத்தை வாங்கி வந்தோம். போக வர மூன்று மணி நேரம். மேரி வீட்டில் கறிபஃப். கூடாரப் பை பின்சீட்டில், சீட் பெல்ட் போட்டு. வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்கு யாரோ விருந்தாளி வருகிற மாதிரி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மழை விட்டது. மதியம் பின்பக்கப் புல்தரையில் ஒத்திகை.

விளக்கத் தாளை விரித்துக்கொண்டு நான் நிற்கிறேன், முதல் படமே புரியவில்லை. சிவா தாளைப் பார்க்கவே இல்லை. கம்புகளைச் செருகினார், கயிற்றை இழுத்தார், ஏதோ ஒரு முடிச்சு. கால் மணி நேரம்கூட இல்லை. கைதட்டினேன். பிறகு மண்வெட்டியைக் கொண்டுவந்து கூடாரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வாய்க்கால் வெட்டத் தொடங்கினார். புல் போயிற்று. எதுக்குங்க இது என்றேன்.

"மழை பெய்தா தண்ணி உள்ளுக்கு வரும். பாய் நனைஞ்சிடும்."

வானத்தில் மேகமே இல்லை. எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று சிரித்தபடி கேட்டேன். வாய் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே புரிந்துவிட்டது.

கூடாரத்துக்குள் போய்ப் படுத்தேன். துணி வழியாக வெயில், ஆரஞ்சு நிறத்தில். குளத்துக்கு அடியில் கிடப்பது போல இருந்தது. கூப்பிட்டேன். அவர் வரவில்லை. மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ரயிலில் எழுதுகிறேன். குளிர், கண்ணாடியெல்லாம் பனி.

கல்யாணத்துக்கு முன் ஒரே ஒரு முறை சொன்னார், கிளிநொச்சிப் பக்கம் சண்டை முடிந்த பிறகு அவரும் அவர் அம்மாவும் எட்டு மாதம் முகாமில் இருந்ததாக. நான் கரூர்க்காரி. முகாம் என்றால் எனக்குக் கண் சிகிச்சை முகாம்தான். அப்புறம் செய்திகளில் பார்த்துத் தெரிந்துகொண்டேன், ஆனால் டிக்கெட் வாங்கிய அன்று ஒரு நொடிகூட அது நினைவுக்கு வரவில்லையே. பதினோரு வருடம் ஒரே வீடு.

ஆகஸ்ட் 6, புதன்

சொல்லிவிட்டேன். வேண்டாம், டிக்கெட்டை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று. சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தேன், அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்ல அதுதான் வசதி.

சமையலறை நாற்காலியில், அவர் சொல்லில் குசினிக் கதிரையில், உட்கார்ந்து அவராகவே பேசினார். எனக்குத் தார்ப்பாய், அவருக்குத் தறப்பாள். இரண்டு குடும்பத்துக்கு ஒரு தறப்பாள் கொட்டில், நடுவில் சேலையை மறைப்பாகக் கட்டியிருந்தார்கள். வெயிலில் உள்ளே அடுப்பு, மழையில் சேறு. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது வாய்க்கால் போதவில்லை, பாயோடு அவரைத் தூக்கிக்கொண்டு நின்றாராம்.

"கம்பி வேலிக்கு அங்கால ரோட்டு. பஸ் போகும். நான் ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்துக்கொண்டு நிப்பன். எங்க போகுதெண்டு தெரியாது. ஏறினா அதுவே காணும், வேற ஒண்டும் வேண்டாம் எண்டு இருக்கும்."

இந்த ஊரில் அவர் பஸ் ஓட்டுகிறார். இதை அதோடு சேர்த்து நான் நினைத்ததே இல்லை.

சப்பாத்தி கருகிவிட்டது. போகலாம் என்கிறார். "நீர் ஆசைப்பட்டது. நான் வெளியில படுக்கிறன்."

இரவு கிளிநொச்சியில் இருக்கும் அம்மாவோடு பேசினார். மாமி சுகம். கூடாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முகாம் சாமான் கடை. (அந்த வார்த்தையை எழுதவே கை தயங்குகிறது.) ஸ்வேக் ஒன்று வாங்கினோம். தடித்த கான்வாஸ் பையில் மெத்தை, மேல்மூடியைச் சுருட்டிவிட்டால் வானம். கடையில் தரையில் விரித்துப் படுத்துப் பார்த்தார். கண்ணை மூடவில்லை, கூரையில் இருந்த டியூப் லைட்டைப் பார்த்தபடி கிடந்தார். இது சரிவரும் என்றார். ஆக, நான் உள்ளே, அவர் வெளியே.

ஆகஸ்ட் 16, சனி

கட்டியாயிற்று: புளிக்காய்ச்சல், அவல், தேங்காய்ப் பொடி, பிளாஸ்க், நெற்றி விளக்கு, கம்பளி 3, தண்ணீர் 40 லி., தைலம். விட்டுப்போனது: உப்பு.

தூங்கும் முன் சிவப்பு மண்ணை நினைத்துக்கொள்கிறேன். காலடி வைத்தால் அமுங்குமா, இறுகியிருக்குமா? கனவில் எங்கள் தெருச் சுவர்கள் எல்லாம் துணியாகி அசைந்தன.

ஆகஸ்ட் 20, புதன்

வழியில் மில்டுரா. இரவு மோட்டல். நாள் முழுக்க கார். மூன்று மணிக்கு மேல் மரங்கள் குட்டையாகிக்கொண்டே வந்தன.

ஆகஸ்ட் 21, வியாழன்

வந்துவிட்டோம்.

இறங்கி நின்றேன். எழுத ஒன்றும் இல்லை. நாலு பக்கமும் ஒன்றுமே இல்லை. தூரத்தில் கோடு. மண் இறுகித்தான் இருக்கிறது, மேலே மட்டும் மாவு. எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று தெரியாது. சிவாவும் பக்கத்தில் நின்றார். ஒரு முழுச் சுற்று மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

"வேலி ஒண்டுமில்லை" என்றார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி, மாலை 4

நேற்று இரவு சொன்னபடி, நான் உள்ளே, அவர் வெளியே. காலையில் அவர் போர்வை மேல் பனித்துளி, மீசையில் செம்மண். நன்றாகத் தூங்கினாராம். நான் தூங்கவில்லை.

மதியம் இரண்டு மணிக்குக் காற்று. திடீரென்று மேற்கே வானம் பழுப்பானது, பிறகு எங்களைச் சுற்றி எல்லாம் பழுப்பு. நான் உள்ளே இருந்தேன். ஒரு பக்கத்து முளைகள் பிடுங்கிக்கொண்டன, கூரை என் முகத்தில் வந்து அறைந்தது, கம்பு வில்லாக வளைந்தது. அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கல்யாணமான பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஜிப்பை இழுத்து உள்ளே வந்தார். முட்டி போட்டு, இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துக்கொண்டார். எதிர்க் கம்பு எனக்கு. அரை மணி நேரம் அப்படியே இருவரும். பேசினால் வாயெல்லாம் மண். அவர் நெற்றி நரம்பு துடித்ததைப் பார்த்தேன். போய் காரில் இருங்க என்று சைகை செய்தேன். தலையை ஆட்டி மறுத்தார்.

காற்று வந்த மாதிரியே நின்றது. கையை எடுத்தோம். வெளியே யாரோ சிரிக்கும் சத்தம், யாரோ பாத்திரம் தேடும் சத்தம். அவர் எழுந்து போகவில்லை. துணிச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாங்கள் நினைச்சா இப்பவே வெளிக்கிடலாம் தானே?"

"ஆமாங்க. எப்ப வேணாலும். கார் சாவி உங்ககிட்டதான இருக்கு."

காற்சட்டைப் பையை வெளிப்பக்கமாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் துணிப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டார்.

இப்போது குறட்டை. மேடையில் யாரோ கிதாருக்குச் சுருதி சேர்க்கிறார்கள், நாங்கள் கேட்க வந்த பாட்டு இன்னும் சற்று நேரத்தில். எழுப்பப் போவதில்லை. வாசல் ஜிப் பாதி திறந்திருக்கிறது, புழுதி உள்ளே வருகிறது. மூடக் கையை நீட்டினேன். திறந்தே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.