பட்டன், பட்டன், செப்டிக் லாரி

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில். பக்கத்து வீட்டு செல்வம் அண்ணன் வீட்டில் தண்ணீர் இல்லை. அவர் ஆவடி தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டர். கண் பார்வை கிடையாது; தொட்டதை வாய்விட்டுப் படிக்கும் போன் வைத்திருக்கிறார். இனி தண்ணி லாரிக்கு போன் செய்யக்கூடாது, ஆப் வழியாக மட்டும்தான் என்று எங்கள் நகர் நலச் சங்கத்தில் முடிவு. அந்த ஆப், நானும் முரளியும் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாக விட்டது. பெருமை வேறு பட்டேன்.

“எதத் தொட்டாலும் ‘பட்டன், பட்டன்’னே சொல்லுதும்மா. எது தண்ணின்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

நானே பதிவு செய்து கொடுத்தேன். அடுத்தவர் கையை எதிர்பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. குரலில் தெரிந்தது.

முரளிக்கு போன் (பாடியில் இருக்கிறான், பகலில் வங்கி வேலை). அவன் கவலை வேறு. ஒரு நகராட்சி எங்கள் ஆப்பை எடுத்துக்கொள்ள யோசிக்கிறது. சட்டப்படி எல்லாம் சரியா என்று கேட்டிருக்கிறார்கள். முதலில் உரிமம், அடுத்து தனியுரிமை அறிவிப்பு, அப்புறம் இன்னும் என்னென்னவோ. பார்வையற்றவர்களுக்கான வசதி கடைசியில்.

அதுவும் சட்டம்தானே என்றேன்.

“சட்டந்தான். ஆனா அதுக்கு யாரும் கேஸ் போட மாட்டாங்க.”

ஜூன் 5, வியாழன்

புழுக்கம். மாவு அரைக்கணும், மறந்தாச்சு.

முரளி தனியுரிமை அறிவிப்பை ஏற்றிவிட்டான். திரை முழுக்க ஒரு பெட்டி. அண்ணன் போனில் அதை மூட வழியே இல்லை. போன் அதை முழுவதும் படித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து.

“உங்க தனியுரிமையில எங்களுக்கு அக்கறைன்னு மூணு தடவ கேட்டுட்டேன்மா. தண்ணிதான் வரல.”

எங்கள் வீட்டிலிருந்து ஹோஸ் போட்டுக் கொடுத்தோம். வெட்கமாக இருந்தது.

ஜூன் 6, வெள்ளி

துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு நானே முயன்றேன். சோதனைக்கு என்று தனி நகல் இருக்கிறது. நான் திறந்தது அதையல்ல, நிஜ ஆப்பை என்பது பிறகுதான் தெரிந்தது. பட்டன். பட்டன். பட்டன். எதையோ அழுத்தினேன்.

மதியம் வாசலில் செப்டிக் டேங்க் லாரி. அதற்கும் எங்கள் ஆப்பில்தான் பதிவு.

“இன்னாக்கா, நீதான புக் பண்ணிகீற? டேங்க் எங்க கீது?”

தவறுதலாக என்று நான் விளக்குவதற்குள் ஹோஸ் கேட்டைத் தாண்டி உள்ளே. அந்த நேரம் பார்த்து முரளி பைக்கில். ஆப் விதிமுறை நாலின்படி பதிவை ரத்து செய்யலாம் என்றான். டிரைவர் பொறுமையாகக் கேட்டார்.

“அதெல்லாம் இருக்கட்டும் அண்ணாத்தே, வண்டிய நவுத்து.”

டேங்க் சுத்தம். ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்ட வேலை என்று என் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். முரளி மட்டும் சாப்பிடவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

லேசாகத் தூறல். செல்வம் அண்ணன் வீட்டில் மூன்று பேரும். பெட்டியை மூட வழி செய்தாயிற்று. பட்டன்களுக்கு ஒவ்வொன்றாகப் பெயர். முரளி ஒன்றுக்கு ‘கழிவுநீர் அகற்றும் ஊர்திக்கான முன்பதிவு’ என்று வைத்தான். போன் அதைத் திக்கித் திக்கிச் சொல்ல, அண்ணன் காபியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ‘செப்டிக் லாரி’ என்று மாற்றினோம்.

தண்ணி லாரியை அவரே பதிவு செய்தார். ஹாரன் கேட்டதும் அவரே போய் சம்ப் மூடியைத் திறந்தார். நான் எழவில்லை.

இன்றே வெளியிடணும், நாளை நகராட்சியில் பார்ப்பார்கள் என்று முரளி. அண்ணன் திரும்பி வந்து போனை இன்னொரு தடவை தடவிப் பார்த்தார். ரத்து செய்யும் பட்டன் மட்டும் இன்னும் ‘பட்டன்’ என்றே சொன்னது.

“இன்னிக்கு வேணாம் தம்பி.”

முரளி என்னைப் பார்த்தான். நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அவன் ஒரு வாரம் அவகாசம் கேட்டு நகராட்சிக்கு மெயில் அடித்தான். என்ன காரணம் போட்டான் என்று எட்டிப் பார்த்தேன்.

‘சட்டக் காரணங்களால்.’