உன் மெசினை நிறுத்தியது நான்தான்

ராகலை

அன்பு மகள் ஷாமிலாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் மழையோடும் இருமலோடும் சுகமாக இருக்கிறோம். அந்தச் சுவீடன் குளிரில் நீ காதை மூடித் திரிகிறாயா என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி. கூரைத் தகரத்தை மூக்கன் சித்தப்பா வந்து மாற்றிக் கொடுத்தார், இப்போது ஒழுக்கு இல்லை. போனில் பேசினால் நீ "விடுங்கப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் இந்தக் கடுதாசி. எப்படி விடுவது? ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் சில பங்கு நேரத்துக்குள், வெளிச்சம் பட்டு விழித்த மூலக்கூறு அடங்குவதற்கு முன்னால், நடுவில் இன்னொரு நிலையில் நிற்கிறது என்று கண்டவள் நீ. முதல் வெளிச்சம் தட்டி எழுப்பும், பின்னாலேயே வரும் இரண்டாவது வெளிச்சம் எட்டிப் பார்க்கும் என்று நீ சொன்னதை நான் பெக்டரியில் தேயிலை அரைக்கிற எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். உனக்கு மேலே இருக்கிற அந்த ஹென்ரிக் ஒரு வருசமாக அது மெசின் கோளாறு என்று உன்னை மட்டம் தட்டிவிட்டு, போன மாதம் பெரிய கூட்டத்தில் ஏறி நின்று தான் கண்டதாகச் சொன்னானாமே! கட்டுரையிலும் உன் பெயர் இல்லையாம். வயிறு எரிகிறது. அவன் விளங்கவே மாட்டான்.

இப்போது ஒன்று சொல்கிறேன், கத்தாதே. கேட்ட மறுநாளே ஒரு சேவலைத் தூக்கிக்கொண்டு நம் பெக்டரி ரோதமுனி சாமியிடம் போனேன். சுற்றுகிற மெசின் எல்லாவற்றுக்கும் அவர்தானே காவல், வேறு யாரிடம் போவேன்? அவனுடைய அப்பன் பெயர் தெரியாமல் ஆளின் மேல் வேண்ட முடியாது என்று பூசாரி கணேசமூர்த்தி சொல்லிவிட்டார். சரியென்று, அந்த ஹென்ரிக் வேலை செய்கிற லேசர் மெசின் நின்று போக வேண்டும் சாமி என்று சூடம் கொளுத்திக் கேட்டேன். ஒன்பதாம் நாள் நீ அழுதுகொண்டு போன் பண்ணுகிறாய், லேசர் நின்றுவிட்டது, திருத்த மூன்று வாரமாகும், உன் அளவீடெல்லாம் பாதியில் கிடக்கிறது என்று. உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மெசின்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவன் லீவு போட்டு ஊர் சுற்றப் போய்விட்டானாம், பாவி! "பழிவாங்கப் போன மூஞ்சியப் பாரு, பெத்த புள்ள பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே" என்று அம்மா திட்டியது அடுத்த லயத்து வீடுகள் வரைக்கும் கேட்டது. இரண்டு நாள் எனக்குச் சோறு போடவில்லை. இன்னொரு சேவல் கொடுத்து வேண்டுதலைத் திரும்ப வாங்கிவிட்டேன், இனி மெசின் ஓடும். கோபத்தை மட்டும் திரும்ப வாங்கவில்லை.

இனிமேல் சாமியை இழுக்க மாட்டேன், நீயே செய். தேதி போட்டு எழுதிய உன் நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுபோய் உங்கள் பல்கலைக்கழகத்துப் பெரியவர்களின் மேசையில் போடு. புகார் எழுது. அதே கூட்டத்தில், அதே ஆட்கள் முன்னால், இதைக் கண்டது நான் இல்லை என்று அவன் வாயாலேயே சொல்ல வேண்டும். அவன் முகம் கறுத்துப் போவதை நீ முன் வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதைக் கேட்காமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. பெயர் போனால் போகட்டும், படிப்பு நல்லபடியாக முடிந்தால் போதும் என்கிறாள் அம்மா. அவளுக்குப் பயம். இந்த ஒரு விசயத்தில் அவள் பேச்சைக் கேட்காதே.

முருகன் உன்னைக் கைவிட மாட்டான், நீ நூறு வருசம் நல்லா இருக்க வேண்டும் மகளே, நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அங்கே உன்னை ஷாமிலா இராமையா என்றுதான் எழுதுகிறார்கள். அவன் திருடியது இரண்டு பேருடைய பெயரை. உன் பங்கை வேண்டுமானால் நீ மன்னித்துக்கொள், என் பங்கை மன்னிக்க உனக்கு உரிமை கிடையாது.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அப்பா
இராமையா