நீங்கள் போட்ட என் கையெழுத்து

வெண்பா அப்பாவுக்கு,

வெண்பா கீழ் வீட்டுக் காமாக்ஷி ஆன்ட்டியிடம் இருக்கிறாள். குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது. சாதத்தைச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

நான் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறேன். நீங்கள் ரயிலேறப் போன கார் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனில் நிற்பதால் நடந்துதான்.

அறிவியல் வகுப்பை நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் டெஸ்ட்டுக்குப் பயிற்சி கொடுக்கலாமா என்று பள்ளி கேட்ட படிவத்தை வெண்பாவின் பையில் பார்த்தேன். 'சம்மதம்' என்று டிக் செய்து, என் கையெழுத்தையும் நீங்களே போட்டிருக்கிறீர்கள். காலையில் கேட்டதற்கு, "நீ என்ன, அங்க போய் வாயத் தொறக்கவா போற? ஸ்கோர் கம்மியானா அந்தக் குட்டி ஸ்கூல எவன் மதிப்பான்?" என்றீர்கள்.

அந்த அறிவியல் வகுப்பில் இருக்கும் மைக்ரோஸ்கோப் நானும் ஆன்ட்டியும் சமோசா பொரித்து விற்று வாங்கிக் கொடுத்தது. அதில் வெங்காயத் தோலைப் பார்த்த அன்று வெண்பா சாப்பிடாமல்கூடப் பேசிக்கொண்டே இருந்தாள். நானும் தாவரவியல் படித்தவள்தான். எனக்குச் சம்மதம் இல்லை. அந்தக் கையெழுத்தை அடித்துவிட்டுப் படிவத்தை எடுத்துப் போகிறேன்.

சுகந்தி

குழம்பில் உப்புப் போட்டேனா என்று நினைவில்லை. பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

வருவதானால் ஏழு மணிக்கு, வெண்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பின் வரிசையில் உட்காருங்கள். எனக்குப் பேச்சு தடுமாறினாலும், எழுந்து எனக்காகப் பேசிவிடாதீர்கள்.