பெட்டிக்கு இந்தப் பக்கம்

ஜனவரி 20, 2025 – திங்கள்

வங்கியிலிருந்து நான்காவது கடிதம். பிப்ரவரி 28-க்குப் பிறகு பழைய டிஎல்எஸ்ஸில் வரும் கார்டு விற்பனை எதையும் ஏற்க மாட்டார்களாம். நான்கு முறை கெஞ்சிவிட்டு அதற்கு எச்சரிக்கை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

1999-இல் செய்த பூட்டு அது. கடைக் கம்ப்யூட்டர் கார்டு எண்ணை வங்கிக்கு அனுப்பும்போது, நடுவில் யாரும் படித்துவிடாமல் போடுகிற பூட்டு. அதை உடைக்கிற வழி தெருவில் போகிறவனுக்கும் தெரிந்து வருடங்கள் ஆகின்றன. உலகமே கைவிட்டாயிற்று. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் எங்கள் கம்பெனி மிஷின் போட்டுக் கொடுத்த பத்தொன்பது கடைகள் மட்டும் அதைக் கட்டிக்கொண்டு அழுகின்றன.

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் சோலைராஜ் அண்ணாச்சியின் ஜவுளிக்கடை. மூன்று மாடி, ஏசி, வாசலில் கும்பிடு போடுகிற பொம்மை. பில் போடும் கம்ப்யூட்டருக்கு வயது பதினான்கு. மாற்றச் சொன்னேன். "நல்லாத்தான ஓடுது? ஓடுறத எதுக்கும்மா மாத்தணும்?" என்றார். கடையின் வைஃபை பாஸ்வேர்டைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார், வாடிக்கையாளர் வசதிக்காம். பில்லிங்கும் அதே வைஃபையில்தான் ஓடுகிறது. அதையும் சொன்னேன். பொம்மையிடம் சொல்லியிருந்தால் கும்பிடாவது போட்டிருக்கும்.

கல்லாவில் மாரீஸ்வரி என்று ஒருத்தி. நான் பேசி முடிக்கும்வரை பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். இவர்களுக்குத்தான் நான் பாதுகாப்பு கொடுக்க வேண்டும்.

ஜனவரி 29

எங்கள் முதலாளி கிளாட்வின் சார் வழி கண்டுபிடித்துவிட்டார். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெட்டி, உள்ளங்கை அளவு. கடைக் கம்ப்யூட்டர் பெட்டியிடம் பழையபடியே பேசும், பெட்டி வங்கியிடம் புதிய பூட்டில் பேசும். கடைக்காரர் எதையும் மாற்ற வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், சபை முன்னால் சாட்சி சொல்கிற அதே குரலில் இதற்கு 'அப்கிரேடு' என்று பெயர் சூட்டினார். நரைத்த தலையில் மையைத் தடவிவிட்டு வயது குறைந்துவிட்டது என்கிற வேலை.

சரி, வங்கி வரை போகிற வழியாவது சுத்தமாகிறதே. மாட்டுவோம்.

பிப்ரவரி 6

பதினோரு பெட்டி முடிந்தது. செட்டியார்பட்டி மருந்துக்கடைக்காரர் பெட்டியைத் தட்டிப் பார்த்து, இதில் பாட்டு வருமா என்று கேட்டார். வராது என்றேன். அப்புறம் எதற்கு என்றார்.

பிப்ரவரி 12

சோலைராஜ் கடையில் பெட்டியை மாட்டினேன். பெட்டி மூன்றாம் மாடியில், கல்லா கீழே. இறங்கி வந்ததும் மாரீஸ்வரி கேட்டாள்.

"எக்கா, அந்தப் பெட்டியில இருந்து பாங்குக்குப் போறது புதுப் பூட்டு, சரி. எங்கிட்ட இருந்து மேல பெட்டி வரைக்கும்?"

பழையதுதான் என்றேன்.

"அது இந்த வைஃபைலதான போகுது?" சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். பேனா மூடி வாயிலேயே இருந்தது.

எட்டு வருடமாக இதுதான் என் தொழில். பதினான்கு கடைகளில் பெட்டியை மாட்டிவிட்டேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லையா – தோன்றாமல் பார்த்துக்கொண்டேனா?

பிப்ரவரி 13

மாரீஸ்வரியிடம் மட்டும் சொல்லிவிட்டு, லேப்டாப்போடு புடவைப் பிரிவில் உட்கார்ந்தேன். சுவரில் இருக்கிற பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே நுழைந்தேன். அவள் என்னுடைய கார்டைத்தான் தேய்த்தாள். பழைய பூட்டு, கேட்டதும் தன்னைவிடப் பழைய பூட்டுக்கு இறங்கச் சம்மதித்தது. முக்கால் மணி நேரம். என் கார்டின் பதினாறு எண்ணும் திரையில் வரிசையாக நின்றன. விற்பனைப் பெண் வந்து பட்டா, காட்டனா என்று கேட்டாள்.

பிப்ரவரி 14

கிளாட்வின் சாரிடம் போய்ச் சொன்னேன். "பாங்கு வெளிப்பக்கத்த மட்டுந்தான் பாக்கும். உள்ள ஆரு பாக்கப்போறா?" என்றார். அப்படியென்றால் வங்கிக்கு அனுப்ப வேண்டிய சோதனைச் சான்றிதழில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அவர் சிரித்தார்.

அது திங்கள்கிழமையே போய்விட்டதாம். பத்தொன்பது கடைகளிலும் பழைய டிஎல்எஸ் முழுவதுமாக நீக்கப்பட்டது, சோதித்தவர் ஷெரின், அதாவது நான். சோலைராஜ் கடையில் பெட்டி மாட்டியது புதன்கிழமை. நான் திங்களன்றே சோதித்து முடித்திருக்கிறேன். என்ன வேகம்!

என் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிற யுஎஸ்பி குச்சி அவர் மேஜை டிராயரில் கிடக்கிறது. பாஸ்வேர்டு? நான்தான் சொன்னேன். இரண்டு வருடம் முன்பு குடும்பத்தோடு பிளவக்கல் அணைக்குப் போகும்போது, பஸ் இரைச்சலில், போனில், ஒவ்வொரு எழுத்தாகக் கத்திச் சொன்னேன். பஸ்ஸில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். இந்த லட்சணத்தில் சுவரில் ஒட்டினவரைப் பார்த்து நக்கல் வேற. எம்புட்டுப் பெரிய மூதி நான்.

பிப்ரவரி 15

என் வீட்டுக்காரர் கிறிஸ்டோவிடம் சொன்னேன். இருபது வருடமாக மில் வேலையில் யாரையும் எதிர்த்துப் பேசாத மனுஷன். "பொறவு பாத்துக்கிடலாம்" என்றார். பொறவு என்பது எந்தக் காலண்டரில் இருக்கிறதோ.

பிப்ரவரி 17

வங்கிக்கு எழுதி அனுப்பிவிட்டேன். கையெழுத்து என்னுடையது, போட்டது நான் இல்லை, பாஸ்வேர்டைக் கொடுத்தது நான். பெட்டிக்கு இந்தப் பக்கம் எதுவும் மாறவில்லை. புடவைப் பிரிவில் என் கார்டு எண் திரையில் நின்றபோது எடுத்த படத்தையும் இணைத்தேன்.

பிப்ரவரி 18

வேலை போயிற்று. ஒரே சபையில் இருந்துகொண்டு இப்படிச் செய்யலாமா என்று கிளாட்வின் சார் கேட்டார். கையெழுத்தைத் திருடும்போது சபை ஞாபகம் வரவில்லை போலும்.

மார்ச் 1

பத்தொன்பது கடைகளிலும் நேற்றோடு கார்டை நிறுத்திவிட்டார்கள். சோலைராஜ் போன் செய்தார். கல்யாணக் கூட்டம், புடவையை மடித்துக் கொடுத்த பிறகு கார்டு ஓடாமல் திரும்பிப் போனார்களாம். பத்து நிமிடம் திட்டினார். "உன் கையெழுத்த நம்பித்தான பெட்டிய வச்சோம்?"

இந்த வருடம் நான் கேட்டதில் இது ஒன்றுதான் முட்டாள்தனம் இல்லாத பேச்சு. அவர் முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வைத்த பிறகு அழுதேன்.

மார்ச் 21

வங்கி முடிவு சொல்லிவிட்டது. அவர்கள் அங்கீகரித்த கம்பெனிகளின் பட்டியலில் கிளாட்வினின் கம்பெனி இனி இல்லை. நானும் இரண்டு வருடத்துக்கு எந்தச் சான்றிதழிலும் கையெழுத்துப் போடக்கூடாது. நியாயம்தான். இருந்தாலும் வலிக்கிறது.

ஏப்ரல் 9

காலையில் மாரீஸ்வரி போன் செய்தாள். கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறதாம், மதுரைக் கம்பெனி. வந்து பார்க்க வேண்டுமாம். என் கையெழுத்து இப்போது செல்லாது என்றேன். சோலைராஜ் போனை வாங்கினார்.

"கையெழுத்து ஆருக்கு வேணும்? வந்து பாரும்மா. சரியா இருந்தா சரின்னு சொல்லு, இல்லாட்டி இல்லைன்னு சொல்லு."

மதியம் பஸ் பிடித்துப் போனேன். சுவரில் தாள் இல்லை, பசைத் தடம் மட்டும். மாரீஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் இது எதற்கு என்று கேட்டாள். புதிய பூட்டு சரியாக இருந்தது. ஆனால் பழையதை நீக்கவில்லை; கேட்டால் இன்னும் அதற்கு இறங்கி வருகிறது. மதுரைக்காரரிடம் கேட்டேன். அது ஒரு சேஃப்டிக்கு விட்டு வைத்திருக்கிறோம் மேடம் என்றார். சேஃப்டிக்கு!

சோலைராஜிடம் போய், சரியில்லை என்றேன். என்னவென்றுகூட அவர் கேட்கவில்லை. பில்லை நீட்டிக்கொண்டு நின்ற மதுரைக்காரரிடம் திரும்பினார்.

"உக்காருங்க தம்பி. அவிய சொல்றத முடிச்சுட்டு, பொறவு பேசுவோம்."

ஒரு மணி நேரம் ஆனது. பழைய பூட்டை நீக்கும் கடைசிப் பொத்தானை மாரீஸ்வரி அழுத்தினாள்.